அளந்து போட்டவர்களும் அள்ளிக்கொண்டவர்களும்

கஞ்சனைப் பற்றித் தமிழில் சொல்லப்பட்ட கதைகள் பெரும்பாலும் சிரிப்புக் கதைகள். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பேசுகிறவன், விருந்தாளி வரும் நாளில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறவன். பள்ளிக்கூடப் பாடத்திலும் பட்டிமன்ற மேடையிலும் சினிமாவிலும் அவன் ஒரு கோமாளி. கடைசியில் அவன் பானையில் புதைத்து வைத்த பணத்தைத் திருடன் கொண்டுபோவான். எல்லோரும் கைதட்டுவார்கள். "பேராசை பெருநஷ்டம்" என்று கதை முடியும்.

எங்கள் சேரியில் கஞ்சனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அவன் கையில் மரக்கால் இருந்தது.

பேராசை பெருநஷ்டமாம். சரி, யாருக்கு நஷ்டம்? கீழத்தஞ்சையில் ஆயிரக்கணக்கான ஏக்கரை வளைத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பேராசையால் பிச்சை எடுத்தார்கள்? "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்ற பழமொழியை யார் யாருக்குச் சொன்னார்கள்? ஆண்டை தன் மகனுக்குச் சொன்னானா? வேலி வேலியாய் நிலம் வைத்திருந்தவன் "போதும்" என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறானா? ஒட்டுத்துணியோடு களத்து மேட்டில் நின்றவளைப் பார்த்துத்தான் "இவ்வளவு போதாதா உனக்கு?" என்று கேட்டான். ஆசை கூடாது என்கிற அறம் நமக்கு. ஆசைப்பட்டதை அனுபவிக்கும் உரிமை அவனுக்கு. இந்தப் பாகப்பிரிவினையைக் கேள்வி கேட்காமல் பேராசையைப் பற்றியும் கருமித்தனத்தைப் பற்றியும் எழுதப்படும் ஒழுக்க உபதேசம் எதுவும் நமக்கு உதவாது. ஆகவே இதை நாம்தான் எழுதியாக வேண்டும்.

1

தமிழ் எம்.ஏ. படித்தபோது ஈகை அதிகாரத்தை எங்களுக்குப் பாடம் எடுத்தவர் நல்ல பேச்சாளர். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் என்று மணி அடித்த பிறகும் நிறுத்தாமல் பேசுவார். நான் எழுந்து, "ஐயா, கூலி கொடுக்கறது ஈகையில வருமா?" என்று கேட்டேன். "அது பொருட்பால்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விட்டார். வகுப்பு சிரித்தது.

அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் தமிழ் அறம் பேசியவர்கள் ஈராயிரம் வருசமாகச் சொல்லி வந்த பதிலும் அதுதான். கொடைக்கு அதிகாரம் இருக்கிறது. ஈயாதவன் செல்வம் வீண் என்பதற்கு அதிகாரம் இருக்கிறது. பிறர் பொருளை வெஃகாமைக்கு இருக்கிறது. பிச்சை எடுப்பதற்கும், பிச்சை எடுக்க அஞ்சுவதற்கும்கூட ஆளுக்கொரு அதிகாரம் இருக்கிறது. 133 அதிகாரத்தில் கூலிக்கு ஓர் அதிகாரம் இல்லை. சொல் மட்டும் ஓரிடத்தில் வருகிறது. ஆள்வினையுடைமையில், தெய்வத்தால் ஆகாது போனாலும் உடம்பு வருந்தியதற்கான கூலியை முயற்சி கொடுத்துவிடும் என்கிறார் வள்ளுவர். நல்ல மனுசன். உடம்பு வருந்தினால் கூலி வந்தே தீரும் என்று நம்பியிருக்கிறார். எங்கள் ஊர் மிராசுதாரை அவர் பார்த்ததில்லை.

வள்ளுவரைப் பழிப்பது என் நோக்கமல்ல. குறளின் ஓலைச்சுவடிகள் எல்லிஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது தன் பாட்டனார் கந்தப்பன் கொடுத்ததால்தான் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். அந்த நூலைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல் எடுத்துக் கொடுத்தது நம் வீடு. நான் பழிப்பது, அந்த நூலை எடுத்து நமக்கு முன்னால் நின்று வள்ளல்தன்மை பேசுகிறவர்களை. முல்லைக்குக் கொடுத்த தேரைச் செய்த தச்சனுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா? மயில் மேல் விழுந்த போர்வையை நெய்த கைக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியைக் கேட்காத வரையில் கொடை அழகாகத்தான் இருக்கும்.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கருமித்தனம் என்பது "கொடுக்காமை" என்று சொல்லிக்கொடுத்துவிட்டால், அந்தப் பொருள் முதலில் அவனுடையது என்பதை நாம் ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. அவன் பொருள், அவன் மனசு, கொடுத்தால் வள்ளல், கொடுக்காவிட்டால் கஞ்சன். கேட்கிறவன் எப்போதும் இரவலன். நம் கணக்கு வேறு. நடவு நட்டவள், களை பறித்தவள், அறுத்தவள், கட்டுத் தூக்கியவள், அடித்துத் தூற்றியவள் எல்லாம் நாம். களத்தில் கிடக்கும் நெல்லில் நம் பங்கு முதலிலேயே இருக்கிறது. அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறவனுக்குக் கஞ்சன் என்ற பெயர்கூட அதிகம். அது மரியாதையான பெயர். வெஃகாமையும் கள்ளாமையும் அவனுக்குத்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பேராசையும் கருமித்தனமும் இரண்டு தனித்தனிக் குணங்கள் என்று நினைக்கிறோம். ஒரே உடம்பின் இரண்டு கைகள் அவை. ஒரு கை வாரிச் சேர்க்கும், மறு கை பொத்திப் பிடிக்கும். மூன்றாவதாக ஒரு கை முளைத்து, திருவிழாவில் அன்னதானம் போடும், கோபுரத்துக்குக் கலசம் வைக்கும், கல்வெட்டில் பேர் பொறிக்கும். அரைப்படியை வெட்டியவனும் ஆயிரம் பேருக்குச் சோறு போட்டவனும் ஒரே ஆள். சேரிக்காரர்களுக்கு அந்தப் பந்தியிலும் இடம் கிடையாது, வெளியே நின்று இலை எடுக்கிற வேலை மட்டும் உண்டு.

2

எங்க அப்பாயி பண்ணையில் கிடந்தவள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்பது அவளுக்குத் தெரியாது. மரக்கால் தெரியும். அவள் சொன்னதை அவள் வாயாலேயே எழுதுகிறேன்.

"ஆண்டை வூட்டுல ரெண்டு மரக்கா இருக்கும் ஆயி. வாங்குற மரக்கா ஒண்ணு, குடுக்குற மரக்கா ஒண்ணு. பாத்தா ரெண்டும் ஒரே மாரிதான் இருக்கும். வாங்கறப்ப குவிச்சு அளப்பாங்க, கோவுரம் மாரி நிக்கும். நமக்கு அளக்கறப்ப தலை தட்டுவாங்க. தட்டுறது கூட ஒரு தட்டா? வழிச்சு எடுப்பான் கணக்கப்புள்ள. நெல்லு தூத்தறப்ப மணி கிட்டக்க வுழுவும், கருக்கா காத்துல தள்ளிப் போயி வுழுவும். மணி வண்டியில ஏறும். கருக்கா நம்ம மடியில வுழுவும். அதுக்கும் குனிஞ்சு நின்னு முந்திய ஏந்தணும்."

பிறகு அவள் எலி வளை வெட்டிய கதை சொல்வாள். அறுப்பு முடிந்த வயலில் மண்வெட்டியோடு போய் வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த கதிரை எடுத்து வந்து அலசிக் காயவைத்துக் குத்திக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார்கள். "எலி நமக்கு மிச்சம் வச்சுது ஆயி. மனுசன் வக்கல" என்பாள். இதைச் சொல்லும்போது அவள் அழ மாட்டாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அதன் பொருள் அவளிடம் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆற்றுக்குப் போடும்போது யார் அளந்தார்கள்? வெள்ளம் கொண்டுபோன நெல்லுக்கு, எலி தின்ற நெல்லுக்கு, அந்துப்பூச்சி விழுந்து மக்கிய நெல்லுக்கு எந்த ஆண்டையும் கணக்குப் பார்த்ததில்லை. பத்தாயத்தில் கிடந்து உளுத்துப் போனாலும் சரி, ஒரு பறைச்சியின் மடியில் ஒரு பிடி கூட விழக்கூடாது. இந்த இடத்தில்தான் கருமித்தனம் சிக்கனம் என்ற வேசத்தைக் கலைத்துவிட்டு நிற்கிறது. மிச்சம் பிடிப்பது அதன் நோக்கமே இல்லை.

3

1968 டிசம்பர் 25. கீழவெண்மணி. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டதற்காக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். இதை ஆண்டுதோறும் எழுதுகிறோம், கூட்டம் போடுகிறோம், வீரவணக்கம் சொல்கிறோம். அது கூலிப் போராட்டமா, சாதிக் கொடுமையா என்று நமக்குள்ளும் மற்றவர்களோடும் வேண்டிய மட்டும் சண்டை போட்டாயிற்று. நான் இங்கே ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரைப்படி எவ்வளவு?

கேட்ட அரைப்படியைக் கொடுத்திருந்தால் எந்த மிராசுதாரின் பத்தாயம் காலியாகியிருக்கும்? அதைக் கொடுக்காமல் இருப்பதற்காக நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று கூடினார்கள். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள். அடியாட்களுக்குச் சோறு போட்டார்கள், சாராயம் ஊற்றினார்கள். வழக்கு வந்தபோது வக்கீல்களுக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். அரைப்படியை மிச்சம் பிடிக்க எத்தனை கலம் செலவு! எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் இவ்வளவு தாராளமாகச் செலவழிப்பானா?

செலவழிப்பான். ஏனென்றால் அவன் காத்தது நெல்லை அல்ல. அரைப்படியைக் கேட்டு வாங்கியவன் அடுத்த நாள் நிமிர்ந்து நடப்பான், துண்டைத் தோளில் போடுவான், செங்கொடியை இறக்க மாட்டான், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். அந்த நிமிர்வுக்குத்தான் அவன் பயந்தான். பொருள் குறைந்துவிடுமே என்று பயப்படுகிற கஞ்சனால் அவன் குடும்பத்துக்குக் கஷ்டம். அடுத்தவன் சமமாகிவிடுவானே என்று பயப்படுகிற கஞ்சன் ஊரையே கொளுத்துவான். சாதி என்பது இந்த இரண்டாவது கருமித்தனத்தைப் பரம்பரையாக்கி, சாத்திரமாக்கி, பழக்கமாக்கி வைத்திருக்கிற ஏற்பாடு.

அதைவிடப் பெரிய ஆபத்து பிறகு வந்தது. நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் 1970இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பெரும் நிலச்சுவான்தார்கள், வசதியானவர்கள், வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டமாக இருக்கிறது என்ற ரீதியில் தீர்ப்பு அமைந்தது. சேர்த்து வைத்த சொத்தே நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிவிட்டது! பேராசையின் தார்மீக ஆபத்து என்ன என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். பேராசைக்காரன் கெட்டுப்போவது சின்ன விசயம். அவனைச் சுற்றியிருக்கிற உலகத்தின் கண் கெட்டுப்போகிறது. கார் வைத்திருப்பவன் குற்றம் செய்ய மாட்டான், குடிசையில் இருப்பவன் பொய் சொல்வான் என்று சட்டம் படித்தவர்களுக்கே தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

44 பேர் வெந்த பிறகு, 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படிக்கு நாம் கொடுத்த விலை அது.

4

நெல்லாவது அளந்தால் குறையும் பொருள். குறையாத பொருள்களையும் இவர்கள் கொடுத்ததில்லை. தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். மகாராட்டிரத்தில் மகாத் நகராட்சி, சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக 1924இல் தீர்மானம் போட்டது. ஆடு குடித்தது, மாடு குடித்தது, முஸ்லிம் குடித்தார், கிறித்தவர் குடித்தார். தீண்டப்படாதவர் மட்டும் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். குளம் வற்றிப் போனதா? ஓர் அங்குலம் குறைந்ததா? ஆனாலும் அடித்தார்கள். பிறகு சாணியும் கோமியமும் பாலும் தயிரும் 108 குடத்தில் கரைத்து ஊற்றிக் குளத்தைச் "சுத்தம்" செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே மகாதில் மனுநீதி நூல் எரிக்கப்பட்டது. 41 வருசம் கழித்து அதே தேதியில் வெண்மணியில் அவர்கள் நம்மை எரித்தார்கள். குளத்து வழக்கு 1937 வரை இழுத்துத்தான் நமக்குச் சாதகமாக முடிந்தது.

கொடுத்தால் குறையாத தண்ணீர். நடந்தால் தேயாத தெரு. சொல்லிக்கொடுத்தால் வளருகிற எழுத்து. அழைத்தால் காசு செலவாகாத மரியாதைச் சொல், ஒரு "வாங்க", ஒரு "உக்காருங்க". இவற்றையும் பொத்தி வைத்துக்கொண்டவனுக்கு எந்த மொழியில் பேர் இருக்கிறது? கருமி என்ற சொல் போதவில்லை தோழர்களே.

பௌத்தம் ஆசையைப் பற்றிச் சொன்னதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லோபம், துவேசம், மோகம் என்று தீமையின் மூன்று வேர்களைச் சொல்கிறது. லோபம் முதல் வேர். சேர்த்து வைப்பதில் ஆரம்பித்து, கேட்பவன் மேல் வெறுப்பாகி, அந்த வெறுப்பையே தர்மம் என்று நம்புகிற மயக்கத்தில் முடிகிறது. வெண்மணியில் இந்த மூன்று படியும் இருந்தன. ஆனால் பௌத்தத்தை நமக்கு "ஆசையை ஒழி" என்ற ஒற்றை வரியாகச் சுருக்கிக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஏழையைப் பார்த்து ஆசையை ஒழி என்பது ஏற்கெனவே பறித்ததைத் திருப்பிக் கேட்காதே என்பதுதான். அம்பேத்கர் இதில் தெளிவாக இருந்தார். மதம் வறுமையைப் புனிதப்படுத்தக் கூடாது என்று 1950இல் மகாபோதி இதழில் எழுதினார். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய பத்திரிகைக்கு "ஒரு பைசாத் தமிழன்" என்று விலையையே பேராக வைத்தார். அறிவைப் பூட்டி வைத்தவர்களின் ஊரில், ஒரு பைசாவுக்கு வாங்கிக்கொள் என்று தெருவில் வைத்தார். கருமித்தனத்துக்கு நம் முன்னோர் கொடுத்த பதில் அதுதான்.

5

இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் மரக்காலில் அளக்கிறார்கள் என்று கேட்பார்கள். மரக்கால் போய்விட்டது. தலை தட்டுகிற கோல் போகவில்லை.

பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892இல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் அது. நம்மவரைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாது என்ற நிபந்தனையோடு வந்தது. அது இன்று யார் யார் வேலிக்குள் இருக்கிறது? அந்த நிலத்தைக் கேட்டுக் காரணையில் போராடியதற்கு 1994 அக்டோபரில் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு தோழர்கள் செத்தார்கள். நிலத்தை வளைத்தவர்கள் வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். அட்டைக்கடியில் இலை பறித்தவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். கேட்டவர்களைச் சிறையில் போட்டார்கள். கூலியும் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள், ஒரு குழந்தையும் அதில் ஒன்று. அங்கே நெல்லுக்குப் பதில் ரூபாய். ஆண்டைக்குப் பதில் கம்பெனி. கேட்டவர்கள் மட்டும் மாறவில்லை.

பாதாளச் சாக்கடை. இதில் கருமித்தனம் அப்பட்டமாக, ரூபாய்க் கணக்கிலேயே நிற்கிறது. அடைப்பெடுக்கும் வண்டிக்கு வாடகை உண்டு. மனுசனை இறக்கினால் கொஞ்சம் காசும் ஒரு குவார்ட்டரும் போதும். வித்தியாசம் காண்டிராக்டர் பையில். 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. கேரளத்தில் 2018இல் ஆள்நுழை குழிக்குள் இறங்கும் இயந்திரத்தையே செய்து காட்டிவிட்டார்கள். சட்டம் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, நிலாவுக்கு அனுப்பக் காசும் இருக்கிறது. குழிக்குள் மட்டும் மனுசன் இறங்குகிறான். ஏனென்றால் அவன் இன்ன சாதியில் பிறந்தவன், அவன் உயிர் மெஷின் வாடகையைவிட மலிவு.

அரசாங்கமும் கஞ்சன்தான். நம் மக்கள்தொகை விகிதத்துக்குத் திட்டப் பணத்தில் பங்கு ஒதுக்க வேண்டும் என்று 1979-80இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் வந்தது. அந்தப் பணம் செலவாகாமல் திரும்பிப் போனதையும், நமக்குச் சம்பந்தமில்லாத பொதுத் திட்டங்களுக்குத் திருப்பிவிடப்பட்டதையும் எதிர்த்து எத்தனை மனு, எத்தனை ஆர்ப்பாட்டம்! அந்தப் பணத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வர 2024 ஆக வேண்டியிருந்தது. நமக்கு ஒதுக்கியதில் மிச்சம் பிடிப்பதற்குக் கோட்டையில் "நிர்வாகச் சிக்கல்" என்று பேர். எங்க அப்பாயியைக் கேட்டால் தலை தட்டறது என்று சொல்லியிருப்பாள்.

6

இதுவரை எழுதியதைப் படித்து நம் தோழர்கள் தலையாட்டியிருப்பார்கள். இனிமேல் எழுதுவதற்கும் தலையாட்ட வேண்டும் என்று கேட்கிறேன்.

2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. சாக்கடையிலும் மலக்குழியிலும் பல ஊர்களில் யார் இறக்கப்படுகிறார்களோ, அவர்களுக்கு வந்தது. அதன் பிறகு ஓர் உள்ளரங்கக் கூட்டத்தில், இருபது வருசம் இயக்கத்தில் இருந்த ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "இருக்கறதே 18. அதுல அவனுக்குத் தனியா 3 அளந்து போட்டா நமக்கு என்ன மிஞ்சும்?"

அளந்து போட்டா! அந்தச் சொல்லைக் கவனியுங்கள். "அவனுக்கு" என்ற ஒருமையையும் கவனியுங்கள். அந்தக் குரலை நான் வேறு எங்கோ கேட்டிருக்கிறேன். வெண்மணிப் பக்கத்து மிராசுதார் இப்படித்தான் பேசியிருப்பான். நான் பறையர் குடியில் பிறந்தவள் என்பதால் இதை உரிமையோடு எழுதுகிறேன். நமக்குக் கிடைத்தது அரைகுறை. அதிலும் கருக்காதான் அதிகம். அது உண்மை. ஆனால் நமக்கும் கீழே ஒருத்தி முந்தியை ஏந்தி நிற்கும்போது, தலை தட்டும் கோலை நாம் கையில் எடுக்கிறோமா இல்லையா என்பதுதான் கேள்வி.

பிரித்தால் ஒற்றுமை குலையும் என்கிறார்கள். அருந்ததியர் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் ஓர் இடம் கிடைத்தால் குலைகிற ஒற்றுமை எந்த ஊர் ஒற்றுமை? "எல்லாரும் ஒரே ஊர்க்காரங்க, ஏன் பிரிச்சுப் பேசறீங்க" என்று சாதி இந்துக்கள் நம்மைப் பார்த்துச் சொல்வார்களே, அதே வாய்ப்பாடுதான் இது. 18 போதாது, அதைக் கூட்டு என்று கேட்க வேண்டுமா? கேட்போம். நிரப்பாமல் விட்ட இடங்களை நிரப்பு என்று கேட்க வேண்டுமா? அவர்களோடு தோள் சேர்ந்து நின்று கேட்போம். அதைக் கேட்பதற்கு முன்னால் 3ஐப் பிடுங்கு என்று கோர்ட்டுக்குப் போவதற்குப் பேர் என்ன? உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அது சட்டத்தின் தீர்ப்பு. சேரியின் மனசாட்சி தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கவே கூடாது.

இன்னொன்று. நடவுக்கும் களைக்கும் போன பெண்ணுக்கு ஆண் கூலியைவிடக் குறைவாகக் கொடுத்தவன் ஆண்டை. அதைத் தட்டிக் கேட்காத சங்கங்கள் எத்தனை? அந்தக் குறைந்த கூலியையும் சாயங்காலம் கடை வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தவன் யார்? மேடையில் அதிகாரப் பகிர்வு பேசிவிட்டு, வீட்டு மனைப் பட்டாவில் அக்காள் தங்கச்சி பேரைச் சேர்க்க மறுக்கும் அண்ணன்மார் நம் இயக்கங்களில் இல்லையா? படித்து, வேலைக்குப் போய், நகரத்தில் வீடு கட்டிக்கொண்ட பிறகு, சேரிப் பிள்ளை ஒன்று சான்றிதழில் கையெழுத்துக் கேட்டு வந்தால் கதவைப் பாதி திறந்து பேசுகிற அதிகாரிகள் இல்லையா? அவர்கள் யாரையும் கொளுத்தவில்லைதான். வெண்மணியில் தீ வைத்தவனும் பிறந்தபோதே தீப்பந்தத்தோடு பிறக்கவில்லை. முதலில் அரைப்படியை மறுக்கப் பழகினான்.

7

கருமித்தனத்துக்கு மருந்து தாராள மனசு என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மருந்து நமக்கு வேண்டாம். தாராள மனசு அவன் கையில் இருக்கிற கோல், நினைத்தால் தூக்குவான், நினைத்தால் தட்டுவான். நாளைக்கே ஒரு நல்ல ஆண்டை வந்து குவித்து அளந்தால்கூட, மரக்கால் அவன் கையில்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியது மரக்காலைப் பொதுவில் வைப்பது. எது எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று உழைத்தவர்கள் கண் முன்னால் அளப்பது. நிலத்துக்கும் அதுதான், கூலிக்கும் அதுதான், திட்டப் பணத்துக்கும் அதுதான். நமக்குள்ளே பங்கு பிரிக்கும்போதும் அதேதான்.

ஆகவே படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் எழுதுகிற நண்பர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, இன்று யார் பேரில் இருக்கிறது என்று தாலுகா ஆபீசில் எழுதிக் கேளுங்கள். உங்கள் தெருச் சாக்கடையில் ஆள் இறங்குவதைப் பார்த்தால் காண்டிராக்டர் பேரையும், வேலை கொடுத்த அலுவலகத்தின் பேரையும் அன்றைக்கே புகாராக எழுதுங்கள். உங்கள் அமைப்பில் அருந்ததியர் எத்தனை பேர் பொறுப்பில் இருக்கிறார்கள், பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை வெளியே சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்த இடத்தில் கோல் தட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த முறை யாராவது மேடையில் ஏறி, ஆசையே துன்பத்துக்குக் காரணம், இருப்பதைக் கொண்டு திருப்தியாக இருங்கள் என்று நமக்கு உபதேசம் செய்தால், சண்டை போட வேண்டாம். எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, உங்க வூட்டுல எத்தனை மரக்கா இருக்கு?"